தெம்பு வேறு, எண் வேறு

திண்டுக்கல்லில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் போன ஆடியில் வீட்டுக்கு வந்திருந்தார். காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று, ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மற்றது அரைக் கிலோ லேகிய டப்பா. மூடியைத் திறந்ததும் ஏலக்காயும் நெய்யும் மணத்தன. விலை நாலாயிரத்து எண்ணூறு ரூபாயாம்.

"மாமா, எனக்கு நாப்பத்தாறுதான் ஆகுது. மத்தியானம் மூணு மணிக்கு மேல கடையில கண்ணு சொக்குது. மாடி ஏறினா மூச்சு வாங்குது. ராத்திரியில… சரி, அதை விடுங்க. டெஸ்டோஸ்டீரோன் கம்மின்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஒரு மண்டலம் இதைச் சாப்பிட்டா இயற்கையாவே ஏறிடும்னு சொல்றாங்க."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். டெசிலிட்டருக்கு 274 நானோகிராம். பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி. சீட்டின் மேல் மூலையில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில், ரத்தம் எடுத்த நேரம் இருந்தது: மாலை 6.10.

அவருடைய அசதி பொய்யில்லை. "சரி, அதை விடுங்க" என்று பாதியில் நிறுத்தினாரே, அந்தக் கூச்சமும் பொய்யில்லை. அந்தக் கூச்சத்தையே முதலாக வைத்து ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தைக் கேலியாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

நடுத்தர வயது ஆண்களுக்குச் சொல்லப்படும் வாதத்தில் மூன்று படிகள் இருக்கின்றன. நாற்பதுக்கு மேல் ஆண் ஹார்மோன் இறங்குகிறது. அசதிக்கும் ஆசைக் குறைவுக்கும் தொப்பைக்கும் அதுவே காரணம். மூலிகையும் உணவும் அதை ஏற்றும், ஏறினால் தெம்பு திரும்பும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால் மொத்தமும் உண்மைபோல் தெரிகிறது.

முதல் படி பெரும்பாலும் சரி. விந்தகங்களில் உள்ள லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கின்றன; மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதற்குக் கட்டளை அனுப்புகிறது. வயது ஏற ஏற இந்தச் சுரப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்ற கணக்கில் குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதுபோல் ஒரே வீச்சில் நடப்பதில்லை. ஐரோப்பாவில் எட்டு மையங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களை ஆராய்ந்த குழு தன் முடிவை 2010-இல் வெளியிட்டது. ஹார்மோன் குறைவும் பாலுறவு சார்ந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருந்தால்தான் வயதோடு வரும் உண்மையான குறைபாடு என்று அவர்கள் வரையறுத்தார்கள். அப்படி இருந்தவர்கள் மொத்தத்தில் 2.1 சதவீதம். நாற்பதுகளில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் ஆயிரத்துக்கு ஒருவர். இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அசதி, உடல் தளர்ச்சி, மனவாட்டம் என்று நாம் ஹார்மோன்மேல் போடும் பழிகளுக்கும் ரத்தத்தில் இருந்த அளவுக்கும் அந்த ஆய்வில் நெருங்கிய உறவு தென்படவில்லை.

சீட்டிலிருந்த நேரத்துக்கு வருகிறேன். டெஸ்டோஸ்டீரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கும். நாற்பதுகளில் இருப்பவருக்குக் காலைக்கும் மாலைக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வித்தியாசம் வரலாம். சாப்பிட்டால் இன்னும் இறங்கும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் இறங்கும். அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: காலையில், வெறும் வயிற்றில், தனித்தனி நாள்களில் இருமுறை பார்க்க வேண்டும், இரண்டிலும் குறைவாக இருந்து அறிகுறியும் இருந்தால்தான் குறைபாடு. என் மைத்துனர் கடைக்கு நடுவே, டீயும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும் முடித்துவிட்டு, நாள் முழுக்க நின்ற களைப்போடு போய் ரத்தம் கொடுத்தவர். அதே ஆளை மறுவாரம் காலை எட்டு மணிக்கு, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். 372 வந்தது. அம்புக்குறி இல்லை. லேகியத்தில் ஒரு கரண்டிகூட அதற்குள் உள்ளே போகவில்லை. போயிருந்தால் இந்த 98 நானோகிராம் ஏற்றத்தையும் அதன் கணக்கில்தான் எழுதியிருப்போம்.

இரண்டாம் படியில்தான் வாதம் சறுக்குகிறது. ஹார்மோன் குறைவால் தொப்பை வருகிறதா, தொப்பையால் ஹார்மோன் குறைகிறதா? இரண்டு திசையிலும் ஓட்டம் உண்டு. ஆனால் நடுத்தர வயதில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோனைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குகிறது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போனால் அந்தப் புரதம் குறையும். சுமக்கும் வண்டி குறைந்ததும் மொத்த அளவும் குறைவாகத் தெரியும். திசுக்களுக்கு நேராகப் போய்ச் சேரும் கட்டற்ற பகுதி அப்போதும் போதிய அளவில் இருக்கக்கூடும். பருமன் இன்னும் கூடினால் கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டீரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும். மூளையிலிருந்து வரும் கட்டளையும் மங்கும். ஆகவே 46 வயதில், 104 சென்டிமீட்டர் இடுப்பளவோடு இருப்பவரின் ரத்தத்தில் இந்த எண் கொஞ்சம் தாழ்ந்திருந்தால், புகை தெரிகிறது என்று அர்த்தம். நெருப்பு வேறு இடத்தில் எரிகிறது. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையே இடுப்பளவின் எல்லையாகச் சொல்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் சொன்ன கணக்கு: 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில். மைத்துனரின் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.3. அவரும் வாசலில்தான் நிற்கிறார்.

மூன்றாம் படி, மூலிகை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு "எல்லாம் ஏமாற்று" என்பவர்களும் தவறு செய்கிறார்கள்.

அசுவகந்தா என்று இன்று பளபளப்பான புட்டியில் விற்பது நம் அமுக்கராக் கிழங்குதான். சித்த மருத்துவத்தில் பாலில் பிட்டவியலாக அவித்துச் சுத்தி செய்து பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். இதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. 2015-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 18 முதல் 50 வயது வரையுள்ள 57 ஆண்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேருக்கு அமுக்கரா வேர்ச்சாறு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. சாறு சாப்பிட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் 96 நானோகிராம் ஏறியது, மற்றவர்களுக்கு 18. இதைத்தான் விளம்பரங்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

நான் எடைபோட்டது 2019-இல் வந்த இன்னொரு ஆய்வை. காரணம், அது நம் ஆளைப் போன்றவர்களையே எடுத்துக்கொண்டது: 40 முதல் 70 வயது, எடை கூடியவர்கள், லேசான அசதி உள்ளவர்கள். எட்டு வாரம் சாறு, எட்டு வாரம் வெறும் மாத்திரை என்று ஒருவருக்கே இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டீரோன் வெறும் மாத்திரையைவிட 14.7 சதவீதம் கூடுதலாக ஏறியது. அசதி என்ன ஆயிற்று? குறைந்தது. தெம்பும் பாலுறவு நலமும் கூடின. ஆனால் வெறும் மாத்திரை சாப்பிட்ட காலத்திலும் அப்படியே. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. எண் ஏறியது, தெம்பை அது ஏற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இந்த முடிவை விளம்பரங்கள் முழுதாகச் சொல்வதில்லை, பாதி வாக்கியத்தை மட்டும் எடுத்துப் போடுகின்றன. வாங்குபவர் காசு கொடுப்பது தெம்புக்காக. அவருக்குக் காட்டப்படுவது எண்.

அமுக்கராவுக்கு நியாயமாகத் தர வேண்டிய மதிப்பெண்ணைத் தந்துவிடுகிறேன். மன இறுக்கத்தையும் தூக்கத்தையும் பொறுத்தவரை சிறிய அளவில் பயன் உண்டு என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆய்வுகள் சிறியவை, இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் போகாதவை, பலவற்றுக்கு அந்தச் சாற்றை விற்பவர்களே செலவு செய்தவர்கள். அபூர்வமாகக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் அளவு மாறக்கூடும். டென்மார்க் 2023-இல் தடையே விதித்தது.

இன்னொன்று. ஆய்வில் கொடுத்தது அளந்து வடித்த வேர்ச்சாறு. நம் கடைகளில் கிடைக்கும் அமுக்கராச் சூரணத்தின் மரபான கணக்கு அழகானது: கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு. எல்லாவற்றுக்கும் மேல் சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. சூரணத்தில் பாதி சர்க்கரை. வயல்வேலை செய்து இளைத்த உடம்புக்கு அது பொருந்தியிருக்கும். கல்லாவில் பன்னிரண்டு மணி நேரம் இருந்து, சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவருக்கு வெல்லமும் நெய்யும் சேர்ந்த லேகியத்தைக் காலையும் மாலையும் கொடுப்பதை எந்த மரபின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. நல்ல சித்த மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்காமல் கொடுக்கவும் மாட்டார். தபாலில் டப்பா அனுப்புபவருக்கு அந்தக் கவலை இல்லை.

மற்றவற்றை வேகமாகவே கடக்கலாம். நெருஞ்சிலைப் பல்கேரியாவிலிருந்து உடற்பயிற்சிக் கூடங்கள் உலகம் முழுக்கப் பரப்பின. இளைஞர்களுக்கும் ரக்பி ஆட்டக்காரர்களுக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் டெஸ்டோஸ்டீரோன் அசையவில்லை. ஆசையைத் தூண்டும் காய் என்று முருங்கைக்காய்க்குத் தமிழ்நாட்டில் இருக்கும் பெயருக்கு 1983-இல் வந்த 'முந்தானை முடிச்சு' படத்துக்குப் பங்கு உண்டு. நல்ல காய், சாம்பாரில் போடுங்கள், அவ்வளவுதான்.

துத்தநாகம் மட்டும் தனியாகப் பேசத் தகுந்தது. இந்தியாவில் பிறந்து ஈரானிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர்தான் மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்று 1960-களில் நிறுவியவர். 1996-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், துத்தநாகம் குறைந்த உணவை இருபது வாரம் சாப்பிட்ட நான்கு இளைஞர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகச் சரிந்தது. லேசான குறைபாடு இருந்த ஒன்பது முதியவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்ததும் ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. இதில் பாடம் உண்டு: இல்லாததை நிரப்பினால் பலன் தெரியும். போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுப்பது நிறைந்த குடத்தில் ஊற்றுவதுதான்.

"ஆனாலும் சாப்பிட்டவர்கள் தெம்பு வந்தது என்கிறார்களே?" என்ற கேள்வி நியாயமானது. 1889-இல் பாரிஸில் பிரௌன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், அப்போது அவருக்கு 72 வயது, நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தானே ஊசியாகப் போட்டுக்கொண்டார். படி ஏற முடிகிறது, நெடுநேரம் ஆய்வுக்கூடத்தில் நிற்க முடிகிறது, இளமை திரும்பிவிட்டது என்று அறிவியலாளர் அவையில் அறிவித்தார். அவர் சாறு எடுத்தது தண்ணீரில். டெஸ்டோஸ்டீரோன் தண்ணீரில் ஏறக்குறையக் கரையவே கரையாது. அந்த ஹார்மோனைப் பிரித்தெடுக்கவே 1935 ஆயிற்று. நூறு கிலோ காளை விந்தகத்திலிருந்து பத்து மில்லிகிராம்தான் கிடைத்தது. பிரௌன்-செக்கார் பொய் சொல்லவில்லை. நம்பிக்கைக்கு முதலில் இசைந்து கொடுப்பது தெம்புதான். மேலே சொன்ன 2019 ஆய்வில் வெறும் மாத்திரைக் காலத்திலும் அசதி குறைந்ததற்கு இதில் விளக்கம் இருக்கிறது. நம்பிக்கையால் வந்த தெம்பு எத்தனை நாள் நிற்கும் என்பதை ஒரு மண்டலம் முடிந்து இரண்டாம் டப்பா வாங்கியவர்களைக் கேட்டால் தெரியும்.

மூலிகையை விடுங்கள், ஹார்மோனையே நேரடியாகக் கொடுத்தால்? அமெரிக்காவில் அதையும் செய்தார்கள். 65 வயதுக்கு மேல், அளவு 275-க்குக் கீழ் இருக்கும் ஆண்களைத் தேடி 51,000 பேருக்கும் மேல் சலித்து 790 பேரைத் தேர்ந்தார்கள். ஓராண்டு ஹார்மோன் களிம்பு பூசி இளைஞர்களின் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 2016-இல் வந்த முடிவு: பாலுறவில் ஆர்வமும் செயலும் ஓரளவு கூடின, மனநிலை சற்றுத் தெளிந்தது, அசதி குறைந்ததா என்று பார்த்த முதன்மை அளவீட்டில் வெறும் களிம்பைவிட மேலாக எதுவும் இல்லை. உண்மையான ஹார்மோனே, உண்மையாகவே குறைந்திருந்தவர்களின் அசதியை நீக்கவில்லை என்றால், பதினைந்து சதவீதம் ஏற்றும் கிழங்கிடம் அதை எதிர்பார்ப்பது எப்படி?

இதன் மறுபக்கத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அன்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மைத்துனரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார்.

"அண்ணா, இவர் விடற குறட்டை தெருவுக்கே கேக்கும். நடுவுல திடீர்னு சத்தமே இருக்காது. பத்து விநாடி, பதினஞ்சு விநாடி. மூச்சு நின்னுடுச்சோன்னு தட்டி எழுப்புவேன். எழுப்பினா என்னையே திட்டுவாரு."

நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சரக்கிலும் ரத்தச் சீட்டிலும் இல்லாத தகவல் இது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைப் பதிவு செய்யும் பரிசோதனையில், மணிக்கு 34 முறை அவருக்கு மூச்சு தடைபடுவது தெரிந்தது. முப்பதைத் தாண்டினாலே கடுமையான வகை. மூக்கில் மாட்டி காற்றழுத்தம் தரும் கருவியை இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முதல் பத்து நாள் சண்டை. மூன்றாவது வாரத்தில் மத்தியானக் கண்சொக்கல் போயிற்று. இத்தகைய கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பகல் தூக்கம் நன்றாகக் குறைகிறது, டெஸ்டோஸ்டீரோன் பெரிதாக ஏறுவதில்லை. உடற்பயிற்சியும் அப்படித்தான். எடை குறையாதவரை ஹார்மோன் எண்ணை அது அதிகம் நகர்த்தாது. ஆனால் தசை வலுவும் மூச்சுத் திறனும் தெம்பும் கூடும். அங்கே எண் ஏறியும் தெம்பு இல்லை, இங்கே எண் ஏறாமலே தெம்பு வந்தது.

இரண்டும் சேர்ந்து ஏறும் வழி ஒன்று இருக்கிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் சராசரியாக 80 நானோகிராம் வரை ஏறியதாக 2013-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டுகிறது. இரைப்பை அறுவைச் சிகிச்சையால் மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்தவர்களுக்கு 250 வரை. தூக்கத்துக்கும் கணக்கு உண்டு: சிகாகோவில் பத்து ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள், பகல்நேர டெஸ்டோஸ்டீரோன் 10 முதல் 15 சதவீதம் விழுந்தது. அமுக்கரா ஏற்றுவதாகச் சொல்லும் அதே அளவை அரைத் தூக்கம் பறித்துக்கொள்கிறது. தினமும் குடிப்பவருக்கு விந்தகம், கல்லீரல் இரண்டிலும் அடி.

'இயற்கை' என்ற சொல்லுக்கு இவைதான் தகுதியானவை. ஆனால் இவை எளிது என்று நான் சொல்ல மாட்டேன். காலை ஒன்பதுக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு மூடி, பதினொன்றுக்குப் புரோட்டா சாப்பிட்டு, நள்ளிரவு தாண்டிப் படுப்பவரிடம் "நேரத்தோடு தூங்குங்கள்" என்பது, வாடகையும் வட்டியும் கட்டுபவரிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவதுபோல. லேகியம் விற்கக் காரணமும் இதுதான்: வாழ்க்கையை மாற்றாமல் உடம்பை மாற்றித் தருவதாக அது வாக்குத் தருகிறது. மைத்துனரால் முடிந்தது, இரவுச் சாப்பாட்டைக் கடையிலேயே எட்டு மணிக்கு முடிப்பதும், காலையில் மலையைச் சுற்றி நாற்பது நிமிடம் நடப்பதும்தான். ஏழு மாதத்தில் ஏழு கிலோ.

இயற்கை வழி போதாத ஒரு கூட்டமும் இருக்கிறது, அவர்களை மறந்துவிட்டால் இந்த எடைபோடல் நேர்மையாக இருக்காது. காலை விறைப்பு அடியோடு நின்றவர், தாடி வளர்வது குறைந்தவர், மார்பு பருத்தவர், பொன்னுக்குவீங்கியால் விந்தகம் பாதித்தவர், தலைவலியோடு பார்வை மங்குபவர்: இவர்களுக்குப் பிட்யூட்டரியிலோ விந்தகத்திலோ உண்மையான கோளாறு இருக்கலாம். இவர்கள் ஒரு மண்டலம் காத்திருப்பது ஆபத்து. ஹார்மோன் மருத்துவம் இவர்களுக்குத் தேவை. 2023-இல் முடிவு வெளியான, 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. இதயத் துடிப்புத் தாறுமாறாதலும் நுரையீரலில் ரத்தக்கட்டும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாகத் தெரிந்தன. குழந்தை வேண்டும் என்று இருப்பவர் இந்த ஹார்மோன் மருத்துவத்துக்குப் போகக் கூடாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை கட்டளையை நிறுத்தும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும்.

ஆண்மையை ஏற்றும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் பேருந்து நிலையச் சுவர்கள் எழுபது ஆண்டுகளாக வேறு கதை சொல்கின்றன. 'மூலிகை' என்று எழுதிய பொட்டலத்தில் ஆங்கில மருந்துக்கடையின் விறைப்பு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதய நோய்க்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தக் கலப்பு உயிரையே எடுக்கக்கூடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. நடுத்தர வயதில் தெம்பை இயற்கையாக மீட்க முடியும் என்ற கூற்று உண்மை. ஹார்மோன் எண்ணை ஏற்றி அதை மீட்கலாம் என்ற கூற்று நிற்கவில்லை. அமுக்கராவைத் தூக்கத்துக்கும் மன இறுக்கத்துக்கும், ஒரு மருத்துவரின் கண்காணிப்பில், சர்க்கரை சேராத வடிவில் எடுத்துக்கொள்பவரை நான் தடுக்க மாட்டேன். ஆண்மை லேகியங்களைத் தள்ளுபடி செய்கிறேன்.

அசதியாக இருக்கிறது என்று இதைப் படிக்கும் உங்களுக்கும் தோன்றினால், டப்பாவுக்கு முன் ஒரு அளவு நாடா வாங்கித் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, பி12 நான்கையும் பார்த்துவிடுங்கள். ஹார்மோனும் பார்க்க வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாள்களில் போங்கள். அதற்கும் முன்னால், இன்று இரவே, பக்கத்தில் படுப்பவரிடம் உங்கள் குறட்டை நடுவில் நிற்கிறதா என்று கேளுங்கள்.